இருநூறு பார்

ஊர் ஆரணி என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முதலில் பட்டுச்சேலை விலை கேட்பார். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி என்று விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். எங்கள் ஆரணி திருவள்ளூர் மாவட்டம். பெரியபாளையத்துக்கும் புதுவாயலுக்கும் நடுவே, ஆரணியாற்றின் கரையில். பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிடும்போது டிவியில் ஆற்றின் பெயர் அடிபடும். அடுத்த மழை வரைக்கும் அப்புறம் யாரும் எங்களைத் தேடுவதில்லை. கிழக்கே பழவேற்காட்டிலிருந்து உப்புக்காற்று, வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து இரும்பு உருக்குகிற வாடையோடு இன்னொரு காற்று. இரண்டும் இலவசம். காசை நீட்டினாலும் கிடைக்காத மூன்றாவது காற்று ஒன்று உண்டு. அதற்கு அலைந்த கதை இது.

என் மகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். அந்தப் பிஸ்டலின் குழலுக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்குச் சின்னதாக ஒரு சிலிண்டர் திருகியிருக்கும். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்துக் கொடுத்தால் நூற்றைம்பது குண்டுக்குக் குறையாமல் சுடலாம். ஜி.என்.டி. ரோட்டில் ஓடுகிற டிரெய்லர் லாரியின் டயரில் இருப்பது 8 பார் சொச்சம். அது வெடித்தால் என்ன ஆகும் என்பது அந்த ரோட்டில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். மகளின் சிலிண்டரில் அதைப்போல இருபத்தைந்து மடங்கு அழுத்தம். ஆனால் கொள்ளளவு 100 மில்லிதான். உள்ளே போவது மொத்தமே 20 லிட்டர் சாதாரணக் காற்று. சும்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் மூன்று நிமிஷத்தில் இழுத்து விடுகிற மூச்சு.

எங்கள் காலத்தில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. நான் முதன்முதலில் துப்பாக்கியைத் தொட்டது பெரியபாளையம் பவானியம்மன் ஆடித் திருவிழாவில். ஒரு பக்கம் வேப்பிலையை உடுத்திக்கொண்டு ஜனம் கோயிலைச் சுற்றிக்கொண்டிருக்கும். தெருக்கோடியில் பலூன் கடை. கடைக்காரர் குழலை மடக்கி, ஈயக்குண்டை வைத்து, நிமிர்த்திக் கையில் கொடுப்பார். குறிமுள்ளைத் தானே கொஞ்சம் வளைத்து வைத்திருப்பார் என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கிற தைரியத்தில் ஆண்கள் சுட்டார்கள். பலூன் உடைந்தால் அது வீரம். உடையாவிட்டால் துப்பாக்கி கோணல். இன்றைக்கு ஒலிம்பிக் வரைக்கும் போகிறவர்களும் ஏறத்தாழ இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

தாய்மாமாவிடம் ஒரு ஐ.எச்.பி. ஏர்கன் இருந்தது. ஊருக்கு ஊர் குடிநீர்க் குழாய் போடுகிற இந்தியன் ஹியூம் பைப் கம்பெனிதான் அந்தத் துப்பாக்கியையும் செய்தது. குழாய் செய்யத் தெரிந்தவனுக்குக் குழல் செய்வது பெரிய காரியமா என்பார் மாமா. அதன் உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், பிஸ்டன் நுனியில் தோல் வாஷர். குழலை மடக்கும்போது ஸ்பிரிங் இறுகும். விசையை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து, எதிரில் மாட்டிக்கொண்ட காற்றை நசுக்கி, அந்தக் காற்று குண்டைத் தள்ளும். தோல் காய்ந்துவிட்டால் காற்று கசியும், குண்டு நொண்டும். அதனால் மாதம் ஒருமுறை தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. மூன்றாவது சொட்டு விழுந்துவிட்டால் போச்சு. நசுங்கிச் சூடான காற்றில் எண்ணெய் பற்றிக்கொண்டு, 'டப்'புக்குப் பதில் 'டமார்' என்று கேட்கும், குழல் வாயில் நீலப் புகை வரும். டீசல் இன்ஜின் ஓடுவது இதே தத்துவத்தில்தான் என்று நான் ஐ.டி.ஐ.யில் படித்தபோது எனக்கு அது பழைய செய்தியாக இருந்தது.

"காத்து எங்கேருந்து மாமா வருது?"

"எங்கேருந்து வரும்? உன் கையிலேருந்துதான். நீ மடக்கினா வருது, மடக்கலேன்னா வரல."

அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. ஒரு குண்டுக்கு ஒரு மடக்கு. கம்ப்ரஸர், கேஜ், ஏஜென்சி எதுவும் வேண்டாம். மாமா அதை வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. மாமாவுக்குச் சட்டத்தைத் தெரியாது. புறாக்களுக்கு மாமாவைத் தெரியும், அவர் தலை தெரிந்ததும் ஆந்திர எல்லை வரைக்கும் போய்விடும். அருணாச்சலப் பிரதேசத்தில் 2021-ல் அரசாங்கமே இறங்கி, பறவைகளைக் காப்பாற்ற ஏர்கன்களைத் திரும்ப ஒப்படையுங்கள் என்று ஓர் இயக்கம் நடத்தியது. ஜனங்கள் கொண்டுவந்து கொடுக்கவும் செய்தார்கள். மாமா உயிரோடு இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார்.

சிப்காட்டில் ஃபிட்டர் வேலை கிடைத்த பிறகு, எங்கள் மேனேஜர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ராஸில் ஒரு கிளப்புக்கு அழைத்துப்போக ஆரம்பித்தார். அங்கேதான் ஜெர்மன் சரக்கைப் பார்த்தேன். ஃபைன்வெர்க்பாவ் 65 என்று ஒரு பிஸ்டல். அதுவும் ஸ்பிரிங்தான், ஆனால் சுடும்போது மேல்பாகம் முழுக்கத் தண்டவாளத்தில் சறுக்கிப் பின்னால் போய் அதிர்ச்சியை விழுங்கிவிடும். கைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஃபிட்டராக அதைக் கழற்றிப் பார்க்க விரல் துடித்தது. பக்கவாட்டு லீவரை இழுத்து ஏற்ற வேண்டும். போட்டிக்கு 60 குண்டு, அதற்கு முன் பழகும் குண்டுகள் வேறு. முடிந்து வெளியே வரும்போது வலது தோள் மட்டும் பயில்வான் ஆகியிருக்கும். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1984-ல், பிஸ்டல் 1988-ல். அதற்குள் வெளிநாட்டில் ஸ்பிரிங்கை ஒதுக்கிவிட்டு, லீவரின் ஒரே இழுப்பில் காற்றை அடைத்து வைத்துக்கொள்ளும் ரைஃபிள்கள் வந்துவிட்டன. உள்ளே ஓடுகிற பிஸ்டன் இல்லாததால் அதிர்வு இல்லை. காற்று மட்டும் அப்போதும் நம் கையிலிருந்துதான்.

பிறகு கார்பன் டை ஆக்சைடு காலம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் துப்பாக்கி சுடும் சரித்திரத்தில் கோலி சோடாவுக்கு இடம் கிடைத்தது அப்போதுதான்.

சின்ன சிலிண்டரில் அந்த வாயுவைத் திரவமாக நிரப்பிக்கொண்டால் லீவர் இழுக்கிற வேலையே இல்லை. தோளுக்கு விடுதலை. வாயு எங்கே கிடைக்கும்? சோடாக் கம்பெனியில். எங்கள் பக்கத்து சோடாக்காரரிடம் பெரிய சிலிண்டர் எப்போதும் இருக்கும். நான் போனால், பாட்டில் கழுவிக்கொண்டிருக்கிற பையனை நிறுத்திவிட்டு அவரே வருவார். சிலிண்டரைத் தலைகீழாகச் சாய்த்து, நான் கொண்டுபோன இணைப்பைத் திருகி, 'ஸ்ஸ்' என்று கேட்டதும் மூடிவிடுவோம். வெளியே வெள்ளையாகப் பனி பூக்கும். நிரம்பியதா என்று தெரிந்துகொள்ள கேஜ் உதவாது, தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். அவருடைய கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தராசும் இருந்தது. காசு வாங்க மாட்டார். ஒரு பன்னீர் சோடா குடித்துவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான். லைசென்ஸ் என்ற சொல் எங்கள் இரண்டு பேர் வாயிலும் வந்ததில்லை.

அந்த ஏற்பாட்டில் ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. கார்பன் டை ஆக்சைடு 20 டிகிரியில் சுமார் 57 பார் அழுத்தத்தில் சாதுவாக இருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும். 31 டிகிரியைத் தாண்டினால் அதற்குத் திரவம், வாயு என்ற பேதமே போய்விடும். ஜெர்மனியில் 31 டிகிரி என்றால் பேப்பரில் செய்தி போடுவார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் அது காலை பத்து மணி. சித்திரை மாதத்தில் ஒரே பிஸ்டல், ஒரே குறி, காலையில் நடுவில் விழுந்த குண்டு மத்தியானம் மேலே ஏறிப் போகும். மேனேஜர் சிலிண்டர்களை ஈரத்துணியில் சுற்றி வைப்பார். ஏர் கண்டிஷன் போட்ட ரேஞ்சுக்காக வடிவமைத்த சாமானை எடுத்துவந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சுட்டுக்கொண்டிருந்தோம். துணி நனைத்தே ஒரு கோடை போயிற்று.

இதற்கு உலகம் கண்ட பரிகாரம்தான் 200 பார் காற்று. வெறும் காற்று, வெயிலுக்குப் பெரிதாக ஆட்டம் போடாது. உள்ளே ஒரு ரெகுலேட்டர், முதல் குண்டும் கடைசிக் குண்டும் ஒரே வேகம். அதிர்வு இல்லை, தோள்வலி இல்லை, வெயில் பயம் இல்லை. அபினவ் பிந்த்ரா 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் கடைசிக் குண்டை 10.8-ல் போட்டுத் தங்கம் வாங்கினபோது, நாடு முழுக்க அப்பாமார்கள் பிள்ளைகளின் கண்ணாடி நம்பரை மாற்றிக் கொடுத்து ரேஞ்சுக்கு அனுப்பினார்கள். சென்னையில் பிறந்த ககன் நாரங்குக்கு 2012-ல் வெண்கலம். அவர் வளர்ந்தது ஹைதராபாத்தில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் வளர்ந்தது அகமதாபாத்தில். தமிழ்நாட்டில் பிறந்து வெளியூர்க் காற்றில் சுட்டால்தான் குறி சரியாக விழும் போலிருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். காற்று நிரப்ப நான் அலைந்த பிறகு அதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

எவ்வளவோ சாமான் நுட்பமானாலும் மக்கர் செய்வது மக்கர்தான். 2021-ல் டோக்கியோவில் மனு பாக்கரின் பிஸ்டல் நடுப்போட்டியில் பழுதாகி, பொன்னான நேரம் போனது. மூன்று வருஷம் கழித்து பாரிஸில் அதே பெண் வெண்கலம் வாங்கினாள். அதை டிவியில் பார்த்தவுடன் என் மகள் பழகிக்கொண்டிருந்த ரேஞ்சில் புதிதாகப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காலி சிலிண்டர்.

மகளின் காலி சிலிண்டரோடு நான் அலைய ஆரம்பித்தது அதற்கெல்லாம் முன்னால். முதலில் தச்சூர் கூட்டு ரோடு பஞ்சர் கடைக்குப் போனேன். நடக்காது என்று தெரிந்துதான் போனேன். ஒரு மனுஷன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிற ஆசை.

"எவ்ளோ பாயிண்ட் வைக்கணும்?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்."

200 பாரைப் பஞ்சர் கடைப் பாயிண்டில் சொன்னால் அவ்வளவு. அவர் ஓஸைக் கீழே வைத்தார். சிலிண்டரைப் பார்த்தார், என் பைக்கைப் பார்த்தார். "இன்னா வண்டி சார் அது?"

அவருடைய மிஷின் 150 பாயிண்டில் ஆஃப் ஆகிவிடும். சற்றுத் தள்ளி சி.என்.ஜி. பங்கில் ஆட்டோக்கள் வரிசையில் நிற்கின்றன. அங்கே ஒவ்வொரு ஆட்டோவின் சிலிண்டரிலும் 200 பாருக்கு வாயு ஏற்றுகிறார்கள். நான் கேட்கிற அதே 200. டிரைவர் அண்ணன் பீடியை அணைத்துவிட்டு இறங்கி நின்றால் போதும், இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. எரிகிற வாயுவுக்கு இருக்கிற ஏற்பாடு எரியாத காற்றுக்கு இல்லை.

சிப்காட் பக்கம் கேஸ் ஏஜென்சிகளுக்குப் பஞ்சமில்லை. வெல்டிங், கட்டிங், உருக்காலை என்று நாள் முழுக்க லாரிகளில் சிலிண்டர்கள் வந்து இறங்குகின்றன. அங்கே வேலை செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதே ஒரு பொழுதுபோக்கு. ஆள் உயரச் சிலிண்டர், காலியாகவே அறுபது கிலோவுக்குப் பக்கம் இருக்கும். அதைச் சற்றே சாய்த்து, ஒரு கை மூடியின்மேல் தளர்வாக, மறு கை தோளைத் தட்டித் தட்டி விட, அடிவிளிம்பிலேயே உருண்டு ஓடும். இரண்டு கைக்கும் இரண்டு சிலிண்டர் உருட்டுகிறவர்களும் உண்டு. உடம்பு முழுக்கக் கறுப்பு என்றால் தொழிற்சாலை ஆக்சிஜன். கறுப்புக்கு வெள்ளைத் தோள் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு. நீலம் ஆர்கான். அரக்குச் சிவப்பு அசிட்டிலின். சாம்பல் உடம்பும் கறுப்புத் தோளும் நைட்ரஜன். கழுத்தைச் சுற்றி எண்கள் வெட்டியிருக்கும்: தண்ணீர் பிடிக்கும் அளவு 46.7 லிட்டர், வேலை அழுத்தம் 150, சோதனை அழுத்தம் 250, கடைசியாகச் சோதித்த மாதம், வருஷம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிக்கவேண்டும். ஒரு சிலிண்டரின் கழுத்தைப் படித்தால் அதன் ஜாதகமே தெரிந்துவிடும்.

உருட்டிக்கொண்டிருந்த பையனிடம்தான் முதலில் விஷயத்தைச் சொன்னேன். "ஆக்சிஜனே ஊத்திக்கலாமே சார், கைவசம் இருக்கு. காத்துன்னாலும் அதானே?" என்றான். உள்ளேயிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "எண்ணெய்க் கையோட ஆக்சிஜன் வால்வைத் தொடாதேன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்? துப்பாக்கிக்குள்ள கிரீஸ் இருக்கும்டா. அவரு வூட்ல பொண்ணு இருக்குது." அழுத்தமான ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையைத் தொட்டால் தீப்பொறி தேவையில்லை, தானாகவே பற்றி வெடிக்கும். மாமாவின் மூன்றாவது சொட்டு வெறும் காற்றிலேயே 'டமார்' என்றதை நினைத்துப் பாருங்கள். உலகம் முழுக்க ஏர்கன்காரர்களில் யாராவது ஒருவர் வெல்டிங் கடை ஆக்சிஜனில் கை வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பெரியவர் ஒவ்வொரு கடையிலும் இருக்கமாட்டார் என்பதுதான் கவலை.

நைட்ரஜன் ஆபத்தில்லை. காற்றில் 78 சதவீதம் அதுதான், ஈரமும் இருக்காது. "அதையாவது கொஞ்சம் விடுங்க அண்ணே" என்றேன்.

"நாங்க சிலிண்டர் மாத்தித் தர்றவங்க சார். காலியைக் குடுத்துட்டு ஃபுல்லை எடுத்துனு போங்க. ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு மாத்தி ஊத்தற வேலை நம்ம கிட்ட கிடையாது. எக்ஸ்ப்ளோசிவ் ஆபீஸ்ல லைசென்ஸைப் புடுங்கிடுவாங்க."

"வெறும் காத்துதானே அண்ணே?"

"காத்துதான் சார் வெடிக்கும்."

மறுபேச்சு இல்லை. அப்படியே கொடுத்திருந்தாலும் அந்த நைட்ரஜன் 150 பாரில்தான் இருக்கிறது. அதிலிருந்து 200 ஏறாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் தண்ணீர் பாயும்.

அவர் சொன்ன ஆபீஸ், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. வெள்ளைக்காரன் 1884-ல் போட்ட வெடிபொருள் சட்டத்தின்கீழ் 2016-ல் வந்த கேஸ் சிலிண்டர் விதிகளை அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த விதிகளை நான் உட்கார்ந்து படித்தேன். ஓய்வுபெற்ற மனுஷனுக்கு வேறு என்ன வேலை? அதில் சிலிண்டர் என்றால் என்ன என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்: கொள்ளளவு 500 மில்லிக்கு மேல், 1000 லிட்டருக்குள். மகளின் பாட்டில் 100 மில்லி. சட்டத்தின் கண்ணில் அது சிலிண்டரே இல்லை! சந்தோஷம் அரை மணி நேரம் நீடித்தது. அதை நிரப்பக் கையில் வைத்திருக்க வேண்டிய பத்துப் பன்னிரண்டு லிட்டர் தாய்ச் சிலிண்டர் இருக்கிறதே, அது சிலிண்டர். அதற்கு அங்கீகாரம், சோதனை, முத்திரை எல்லாம் வேண்டும். பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், இடுப்பில் வைத்திருக்கிற அம்மாவுக்கு வேண்டும். துப்பாக்கிக்கும் இதே சுகம்தான்: 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் இருந்தால் லைசென்ஸ் கேட்கமாட்டார்கள். துப்பாக்கி கையில் வந்துவிடும்; அது குடிக்கிற காற்றுக்குத்தான் மனு போடவேண்டும்.

2021 ஏப்ரலில் இந்தப் பேச்சை எடுக்கவே எனக்கு வாய் வரவில்லை. தொழிற்சாலைகளுக்கு ஆக்சிஜன் கொடுப்பதைச் சில தொழில்களைத் தவிர்த்து நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்கள். ஆர்கான், நைட்ரஜன் சிலிண்டர்களையும் சுத்தம் செய்து ஆக்சிஜனுக்கு மாற்றிக்கொள்ள அனுமதி வந்தது. சாம்பல் நிறத்தில் பார்த்துப் பழகிய சிலிண்டர்கள் பெயின்ட் காயாமல் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தன. ஏஜென்சி வாசலில் கார்களில் வந்து அழுதுகொண்டு நின்றவர்களைப் பார்த்தேன். மகளின் பிஸ்டல் பல மாதம் பெட்டியிலேயே கிடந்தது. காற்றுக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி நாங்கள் வீட்டில் அடிக்கிற ஜோக்குகள் அப்போது நின்று, வெகுநாள் கழித்துத்தான் திரும்பின.

அப்புறம் ஸ்கூபாக்காரர்கள். கடலுக்கு அடியில் மூச்சு விடுகிறவர்களிடம் 200 பார் கம்ப்ரஸர் இருக்கும். வெளிநாட்டில் ஏர்கன்காரர்களுக்குப் பாதிப்பேருக்குக் காற்று தருவது அவர்கள்தான். எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் அந்தத் தொழில் நடப்பது கிழக்குக் கடற்கரைச் சாலை, புதுச்சேரி. மூன்று நிமிஷ மூச்சுக்கு ஒரு நாள் பயணம். நிரப்பித் தந்தவர் நல்ல மனுஷன், ஆனால் அவசரக்காரர். வேகமாக ஏற்றினால் சிலிண்டர் கொதிக்கும். கேஜில் 200 பார்த்துக் காசு கொடுத்துவிட்டு, ஆரணிக்கு வந்து ஆறிய பிறகு பார்த்தால் 180. வழியில் டோல்கேட்டில் எடுத்துக்கொண்டார்களா என்று மகள் கேட்டாள்.

பிறகு கைப்பம்பு வாங்கினோம். பார்க்க சைக்கிள் பம்புதான், உள்ளே மூன்று அடுக்கு. 100 பார் வரைக்கும் மகளே அடித்துவிடுவாள். 150-ஐத் தாண்டினால் கையால் ஆகாது, உடம்பையே அதன்மேல் போடவேண்டும். டாக்டர் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்த என் எடைக்கு முதன்முறையாக ஒரு வேலை கிடைத்தது. கைப்பிடியை மார்போடு அணைத்து, முழங்காலை மடக்கி, மெதுவாகத் தொங்கினால் 'க்ரக்' என்று ஒரு சத்தம். கேஜ் முள் நகர்ந்ததா என்று மகள் குனிந்து பார்ப்பாள். "அப்பா, அரை பார்." கொஞ்சம் அடித்ததும் பம்பின் அடிப்பாகம் தொடமுடியாமல் சுடும், ஆறவிட்டுத்தான் தொடரவேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் கடல் ஈரம் வேறு. ஐப்பசியில் 20 லிட்டர் காற்றைப் பிழிந்தால் அரை கிராம் தண்ணீர் வரும். கழிவுத் திருகைத் திறந்தால் 'புஸ்' என்று வெள்ளையாகத் துப்பும். அது முழுக்க வெளியே வராமல் சிலிண்டருக்குள் போனால் உட்சுவர் கெடும். காற்று கடைசியில் கையிலிருந்தே வந்தது, மாமா சொன்னபடி. அவர் ஒரு மடக்கில் முடித்ததற்கு எனக்கு முதுகுப் பெல்ட் தேவைப்பட்டது.

இப்போது எங்கள் ரேஞ்சில் பெற்றோர்கள் சேர்ந்து பணம் போட்டு ஒரு சின்ன மின் கம்ப்ரஸர் வாங்கியிருக்கிறோம். 300 பார் வரைக்கும் ஏறும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. நான் 200-க்கு மேல் ஏற்றுவதில்லை. பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர், அதில் ஒரு குட்டி மோட்டார், அந்தத் தண்ணீர் சுற்றிச்சுற்றி வந்து மிஷினைக் குளிரவைக்கும். ஃபிட்டர் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பிள்ளைகள் பாட்டிலோடு வரிசையில் நிற்பார்கள். கரெண்ட் போனால் வரிசை கலையும், வந்தால் சேரும். வேகமாக ஏற்றுங்கள் அங்கிள் என்பார்கள். புதுச்சேரி அனுபவம் இருப்பதால் நான் வேகமாக ஏற்றுவதில்லை. முதலில் பாட்டிலைத் திருப்பித் தேதி பார்ப்பேன். தயாரிப்பாளர்கள் பத்து வருஷம்தான் ஆயுள் தருகிறார்கள். சர்வதேசப் போட்டி விதிகளும் அந்தத் தேதிக்குச் சுடுகிறவரே பொறுப்பு என்கின்றன. மேனேஜரின் ஃபைன்வெர்க்பாவ் 65-க்குக் காலாவதித் தேதி கிடையாது. ரேஞ்ச் அலமாரியில் இன்னும் இருக்கிறது, புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அதில்தான் பழகுகிறார்கள், லீவர் இழுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று புகார் சொல்லிக்கொண்டே.

போன மாதம் பொன்னேரியிலிருந்து ஒரு பையன் வந்தான். பைக் பின்னால் கயிறு போட்டு ஒரு பெரிய சிலிண்டர் கட்டியிருந்தது. தீயணைப்புக்காரர்கள் முதுகில் மாட்டிக்கொள்கிற வகை, மேலே நார் சுற்றியது. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்ததாம். இதை ஒருதரம் நிரப்பிக்கொண்டால் வீட்டிலேயே வருஷம் முழுக்க ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான், கணக்கு தப்பில்லை.

"தேதி எங்கே?"

"ஸ்டிக்கர் உரிஞ்சு போச்சு அங்கிள். ஆனா நல்லா வெயிட்டா இருக்கு."

"500 மில்லிக்கு மேல இருந்தா அது சிலிண்டர். டெஸ்ட் சர்ட்டிபிகேட் இல்லாம நான் தொடமாட்டேன்."

"வெறும் காத்துதானே அங்கிள்?"

1884 சட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். 2016 விதிகளுக்கு வருவதற்குள் அவன் கயிற்றைத் திரும்பக் கட்டிவிட்டான். கிக்கரை உதைத்துவிட்டு, நண்பனிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு என் காதில் விழும்படியே சொன்னான்: "பெருசு எக்ஸ்ப்ளோசிவ் ஆபீஸ்ல வேலை பாத்துட்டு ரிட்டயர்ட் ஆயிருக்கும்டா."